அருகருகே இரண்டு கிளாஸ்

கிளாஸ்கோ
மார்ச் 9

அன்புள்ள அத்தான்,

அக்காவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது என்று கேட்ட பிறகுதான் மனசு நிம்மதியானது. விசா கிடைத்து, ஜூன் மாதம் நீங்கள் இருவரும் வருவது உறுதியானதில் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. குளிருக்கு ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதும். குன்னூர்க்காரர்களுக்கு இந்த ஊர் ஜூன் மாதம் ஒன்றும் பெரிதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஐநூறு ரூபாய்க்கும் விஸ்கி இருக்கு, அஞ்சாயிரம் ரூபாய்க்கும் இருக்கு. ரெண்டும் தொண்டையில எரியத்தானே செய்யுது? அப்படி என்ன வித்தியாசம் அதுல?" போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் மேசை முன்னால் வாழ்நாளில் பாதியைக் கழித்தவர் நீங்கள். ஒரே மலையில் பறித்த இலை, வாட்டுவதில் நேரம் கொஞ்சம் கூடினாலோ அடுப்பில் சூடு கொஞ்சம் ஏறினாலோ கோப்பையில் என்ன ஆகும் என்று வாயில் வைத்தவுடன் சொல்லிவிடுவீர்கள். ஒரு தேயிலையைத் தனியாகக் குடித்தால் நல்லா இருக்கு, நல்லா இல்லை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது, வரிசையாகக் கோப்பைகளை வைத்தால்தான் ஒவ்வொன்றும் வாயைத் திறந்து பேசும் என்று எனக்குச் சொல்லித் தந்ததும் நீங்கள்தான். விஸ்கிக்கும் அதே விதிதான். உயர்ந்தது, தாழ்ந்தது என்று மேலே ஏறிப்போகிற ஏணி இதில் இல்லை. தானியம், புகை, கொதிகலனின் உருவம், பீப்பாயின் மரம், ஊரின் வெயில் என்று ஒவ்வொரு ருசிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காரணத்தை மட்டும் மாற்றி இரண்டு கிளாஸை அருகருகே வைத்துவிட்டால், மீதியை மூக்கும் நாக்கும் பார்த்துக்கொள்ளும்.

முதலில் அந்த ஐநூறு ரூபாய்க்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதிக்கு அடிப்படை, கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ். அதைப் புளிக்கவைத்து, மணம் குணம் எதுவும் மிஞ்சாத அளவுக்குச் சுத்தமாக வடித்தெடுத்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட் (முளைகட்டிய பார்லி) விஸ்கியையும் நிறத்தையும் சேர்த்து பாட்டிலில் அடைக்கிறார்கள். ஐரோப்பியச் சட்டப்படி தானியத்தில் செய்தால்தான் விஸ்கி. ஸ்காட்லாந்தில் சட்டம் இன்னும் கறார். தானியத்தில் செய்து, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே குறைந்தது 3 ஆண்டு ஊறி, 40 சதவீதத்துக்குக் குறையாத சாராய வலுவோடு பாட்டிலில் இறங்கினால்தான் 'ஸ்காட்ச்' என்ற பெயர் வைக்கலாம். தண்ணீரும், நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கிச் செய்த கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, ஒரே ஆலையில், செம்புக் கொதிகலனில் தவணை தவணையாகக் காய்ச்சி வடித்தது 'சிங்கிள் மால்ட்'. ஆக, நீங்கள் சொன்ன அந்த இரண்டும் ஒரே சரக்கின் மலிவு ரகமும் விலை ரகமும் அல்ல. மூலப்பொருளே வேறு.

இனி, ருசி பார்க்கும் முறை. சோடாவையும் ஐஸையும் ஒரு நாள் தள்ளி வையுங்கள். அவற்றில் தப்பு ஒன்றுமில்லை, வெயில் காலத்தில் அது ஒரு சுகம்தான். ஆனால் குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும், சோடாவின் நுரை நாக்கை மரக்கச் செய்துவிடும். அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் நல்லது. இங்கே பக்கத்தில் ஈஸ்ட் கில்பிரைடில் இருக்கிற கிளென்கேர்ன் நிறுவனம் 2001இல் இதற்கென்றே ஒரு கிளாஸ் கொண்டுவந்தது. இப்போது விஸ்கி ஆலைகளில் எங்கே போனாலும் அதுதான். உங்களிடம் அது இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். ஊற்ற வேண்டியது 15 மில்லி. நம் ஊர் 'லார்ஜ்' கணக்கில் கால்வாசி. அதற்குமேல் போனால் மூன்றாவது கிளாஸில் மூக்கு வேலைநிறுத்தம் செய்துவிடும்.

கிளாஸுக்குள் மூக்கை விட்டு இழுக்காதீர்கள். சாராய ஆவிதான் முதலில் வந்து குத்தும், அப்புறம் எதுவும் தெரியாது. தாடைக்குக் கீழே பிடித்து, உதட்டைக் கொஞ்சம் திறந்தபடி, மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். எரிச்சல் இல்லாமல் வாசனை மட்டும் வருகிற இடம் ஒன்று கிடைக்கும். அங்கே நிறுத்துங்கள். முதல் வாய் நாக்கைப் பழக்குவதற்கு மட்டும், இரண்டாவது வாயிலிருந்துதான் கணக்கு. உங்கள் மேசையில் துப்புகிற வழக்கம் இங்கேயும் உண்டு, தயங்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகளில் கலவை செய்யும் பிளெண்டர்கள் பெரும்பாலும் வாயில்கூட வைப்பதில்லை. விஸ்கியில் தண்ணீர் கலந்து 20 சதவீத வலுவுக்கு இறக்கி, முகர்ந்தே தரம் பிரிக்கிறார்கள். அதனால் அக்காவையும் மேசையில் உட்கார வைத்துவிடலாம். ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாமல், யார் வீட்டுச் சாம்பாரில் பெருங்காயம் கூட என்று தெருமுனையிலேயே சொல்லுகிற மூக்கு அது.

தண்ணீர் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டதும் வாசனை மலர்ந்து வருவதை ருசி பார்க்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 2017இல் ஸ்வீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கணினியில் மூலக்கூறுகளை ஓடவிட்டு இதற்கு ஒரு காரணம் கண்டார்கள். புகை வாசனைக்குப் பொறுப்பான குவாயகால் என்ற பொருள், சாராய வலு 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது சாராய மூலக்கூறுகளால் சூழப்பட்டு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. தண்ணீர் சேர்ந்து வலு 45 சதவீதத்துக்குக் கீழே வரும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. மேற்பரப்புக்கு வந்தால்தானே மூக்குக்கு எட்டும்? ஆகவே முதலில் தண்ணீர் இல்லாமல், பிறகு சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு விதமாகவும் பாருங்கள்.

ஜோடிகளுக்கு வருகிறேன்.

முதல் ஜோடி, மரத்துக்காக. வடக்கே டெய்ன் என்ற ஊரில் கிளென்மோரஞ்சி ஆலை இருக்கிறது. அவர்களுடைய 'ஒரிஜினல்' ஒரு கிளாஸில், 'லசான்டா' இன்னொரு கிளாஸில். இரண்டும் ஒரே கொதிகலனில் வடித்த ஒரே சரக்கு. முன்னது, அமெரிக்க பூர்பன் விஸ்கி இருந்த பீப்பாயிலேயே முழுக்காலமும் ஊறியது. பின்னது, அதே மாதிரிப் பீப்பாயில் பல ஆண்டு இருந்துவிட்டுக் கடைசிக் காலத்தை ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி ஒயின் பீப்பாயில் கழித்தது. முன்னதில் வனிலாவும் ஆரஞ்சுத் தோலும் லேசான தேங்காய் மணமும் இருக்கும். பின்னதில் உலர்திராட்சை, பட்டை, கொஞ்சம் துவர்ப்பு. இதில் துவர்ப்பு உங்களுக்கு உடனே பிடிபடும், தேயிலைக்காரர் அல்லவா? ஓக் மரத்திலும் டானின் உண்டு, ஐரோப்பிய ஓக்கில் அது கூடுதல். அமெரிக்க ஓக்கில் தேங்காய் மணம் தரும் லாக்டோன் அதிகம். ஷெர்ரியின் மிச்சமும் ஐரோப்பிய மரமும் சேர்ந்து கொடுக்கிற முழு வேகத்தைப் பார்க்க வேண்டுமானால், ஸ்பே நதிப் பக்கத்தில் கிரான்ட் குடும்பம் 1865லிருந்து நடத்துகிற கிளென்பார்க்ளஸ் ஆலையின் 15 ஆண்டுச் சரக்கை மூன்றாவதாக வையுங்கள். ரம் ஊற்றி ஊறவைத்த பழக் கேக்கின் கனம் அதில் இருக்கும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் கொடுப்பதால், கருத்தது எல்லாம் நாளாக ஊறியது ஆகாது. கிளென்பார்க்ளஸின் நிறம் பீப்பாயிலிருந்து மட்டும் வந்தது. இன்னொரு பாட்டிலின் அதே நிறம் ஒரு கரண்டி கேரமலிலிருந்து வந்திருக்கலாம். உங்கள் தொழிலில் சாயத்தேயிலையைப் பிடித்துக் கொடுத்த அனுபவம் இங்கே கைகொடுக்கும்.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அமெரிக்கப் பீப்பாய் எப்படி இவ்வளவு கிடைக்கிறது என்று கேட்பீர்கள். பூர்பனுக்கு அமெரிக்கா போட்டிருக்கிற சட்டம்தான் காரணம். தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும். ஒருமுறை பூர்பன் ஊறிய பீப்பாயில் அவர்கள் மறுபடி பூர்பன் ஊறவைக்க முடியாது. 200 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாய்கள் கப்பலேறி இங்கே வந்து, இரண்டு மூன்று தடவை ஸ்காட்ச் ஊறிய பிறகே ஓய்வு பெறுகின்றன. ஆகவே இரண்டாவது ஜோடியாக, கென்டக்கியின் மேக்கர்ஸ் மார்க் பூர்பனையும் கிளென்மோரஞ்சி ஒரிஜினலையும் வையுங்கள். பூர்பனில் வனிலா, கருக்கிய சர்க்கரை, புது மரத்தின் காரம் எல்லாம் முன்னால் வந்து நிற்கும். புது மரம், கருகிய உட்புறம், கென்டக்கிக் கோடையின் சூடு மூன்றும் சேர்ந்து சில ஆண்டுகளுக்குள் அத்தனையையும் இழுத்துக் கொடுத்துவிடுகின்றன. ஸ்காட்சில் அதே மணம் தூரத்தில் கேட்கும். பீப்பாய் தன் வேகத்தையெல்லாம் முதல் சரக்குக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடுதான் இங்கே வந்திருக்கிறது. மரம் ஒதுங்கி நிற்பதால் பார்லி பேச இடம் கிடைக்கிறது.

மூன்றாவது ஜோடி, கொதிகலனுக்காக: கிளென்மோரஞ்சியும் மக்காலனும். கிளென்மோரஞ்சியின் கொதிகலன்கள் ஸ்காட்லாந்திலேயே உயரமானவை, கழுத்து மட்டும் 5.14 மீட்டர். கனமான ஆவி அவ்வளவு தூரம் ஏற முடியாமல் செம்பில் பட்டு மறுபடி கீழே விழுந்துவிடும். லேசான, பூ மணமுள்ள ஆவி மட்டும் உச்சியைத் தாண்டும். மக்காலன் ஆலையில் கொதிகலன்கள் குட்டையானவை, அதனால் எண்ணெய்ப் பசையுள்ள கனமான சரக்கு வரும். செம்பு வெறும் பாத்திரம் அல்ல, கந்தகக் கலவைகளைப் பிடித்து வைத்துக்கொள்கிற வேலையையும் அதுதான் செய்கிறது. ஆவி செம்போடு எவ்வளவு நேரம் உரசுகிறதோ அவ்வளவு சுத்தம்.

இதை ஒரே கூரையின் கீழ் காட்டுகிற ஆலை, கிளாஸ்கோவுக்கு மேற்கே கடலோரத்தில் கேம்பல்டவுனில் இருக்கிற ஸ்பிரிங்பேங்க். ஒரு காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்த அந்தச் சின்ன ஊரில் இன்றைக்கு இருப்பவை சிலவே. ஸ்பிரிங்பேங்கில் மூன்று ரகம் செய்கிறார்கள். புகையில்லாத பார்லியை மூன்று தடவை வடித்தது ஹேசல்பர்ன். நிறையப் புகையூட்டிய பார்லியை இரண்டு தடவை வடித்தது லாங்ரோ. கொஞ்சம் புகையூட்டி, சரக்கில் ஒரு பகுதியை இரண்டு தடவையும் மீதியை மூன்று தடவையும் வடித்துச் சேர்ப்பது ஸ்பிரிங்பேங்க். ஒரே ஆலை, ஒரே ஆட்கள், ஒரே தண்ணீர். மூன்று கிளாஸையும் வரிசையாக வைத்தால் வடிப்பதும் புகையும் என்னென்ன செய்யும் என்று பாடம் எடுத்த மாதிரி விளங்கிவிடும். இந்தச் சரக்குகள் கடைக்கு வந்தவுடன் தீர்ந்துபோகும். உங்களுக்காக மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

புகை என்றதும் ஐலா தீவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கென்னக்ரெய்க் துறையிலிருந்து படகில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். மரம் குறைவான தீவு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் புதர்ச்செடியும் சதுப்பில் மட்கிப் படிந்த பீட் என்ற மண்கரிதான் அங்கே விறகு. மண்வெட்டியால் செங்கல் செங்கலாக வெட்டி, காற்றில் காயவைத்து எரிக்கிறார்கள். லாப்ரோய்க் ஆலையில் பார்லியை இன்றைக்கும் ஒரு பங்கு தாங்களே முளைகட்டுகிறார்கள். நனைத்த பார்லியைத் தாழ்ந்த கூரை போட்ட நீளக் கூடத்தில் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பியிருப்பார்கள். முளை விடும்போது சூடு ஏறும், வேர்கள் பின்னிக்கொள்ளும். அதனால் இரவும் பகலும் முறைபோட்டு மரத்துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையில் எடுத்துக் கடித்தால் பச்சை வாசனையோடு இனிப்பும் தெரியும். முளை சரியான பதத்துக்கு வந்ததும் துளையிட்ட தளத்தின்மேல் பரப்பி, கீழே பீட்டை மூட்டுவார்கள். அங்கே சூட்டைவிடப் புகைதான் முக்கியம். ஈரமாக இருக்கும்போதுதான் பார்லித் தோல் புகையை வாங்கிக்கொள்ளும், காய்ந்தபின் ஒட்டாது. உங்கள் தொழிற்சாலையில் வாட்டும் மாடிக்குள் நுழைந்ததும் இலை வாசனை சட்டையில் ஏறிவிடும் அல்லவா? இங்கே நின்று திரும்பினால் புகை வாசனை கோட்டைவிட்டுப் போக நாளாகிறது.

ஐலாவின் தென்கரைச் சாலையில் லாப்ரோய்க், லகவுலின், ஆர்ட்பெக் மூன்றும் நடந்து போகிற தூரத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலும் மூன்றாவதும் 1815, நடுவிலிருப்பது 1816 என்று ஆண்டு போட்டிருக்கிறார்கள். மூன்றிலும் புகை. ஆனாலும் மூன்றும் மூன்று. லாப்ரோய்க் 10 ஆண்டுச் சரக்கை முகர்ந்தவுடன் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அயோடின், கட்டுத்துணி, கடற்பாசி. முதல் தடவை முகம் சுளிக்காதவர் குறைவு. லகவுலின் 16 ஆண்டுச் சரக்கில் புகை இருக்கும், ஆனால் மெதுவாக வடித்ததாலும் நீண்ட நாள் ஊறியதாலும் அது திராட்சை இனிப்புக்குள் அடங்கி வரும். ஆர்ட்பெக் 10, புகையளவுக் கணக்கில் இவற்றிலேயே உயர்ந்தது. பார்லியில் ஏறிய பீனால் பத்து லட்சத்துக்கு 50 பங்குக்கு மேல். லாப்ரோய்க் 40 முதல் 45, லகவுலின் 35 சுமார். ஆனாலும் குடித்துப் பார்த்தால் ஆர்ட்பெக்கில் எலுமிச்சையும் இனிப்பும் துலங்கும். அங்கே இரண்டாவது கொதிகலனின் கழுத்துக்கருகே ஒரு சுத்திகரிப்பான் பொருத்தியிருக்கிறார்கள், கனமான ஆவியைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். பார்லியின் புகை எண் ஒன்றைச் சொல்லும், கிளாஸ் வேறொன்றைச் சொல்லும். எண்ணை விடுங்கள், கிளாஸை நம்புங்கள்.

பக்கத்து பக்கத்து ஆலைகளிலும் ருசி இப்படி வேறுபடுவதற்கு ஒரு வரலாறு உண்டு. லகவுலினை நடத்திய பீட்டர் மேக்கி, பக்கத்து லாப்ரோய்க்கின் விற்பனை உரிமையையும் வைத்திருந்தார். 1907இல் அந்த உரிமை கைநழுவியது. கோபக்காரர், விடுவாரா? 1908இல் லகவுலின் வளாகத்துக்குள்ளேயே லாப்ரோய்க்கின் கொதிகலன்களை அச்சு அசலாக நகல் எடுத்து, மால்ட் மில் என்று தனி ஆலை கட்டினார். அதே தீவு, அதே பீட், அதே உருவக் கொதிகலன். ஆனால் லாப்ரோய்க் வரவில்லை. நல்ல விஸ்கி வந்தது, அது வேறு விஸ்கி. 1962இல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள். ருசிக்குக் காரணங்கள் உண்டு என்று நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். அந்தக் காரணங்களையெல்லாம் கூட்டிப்போட்டாலும் கைக்குச் சிக்காமல் ஒன்று மிஞ்சும் என்பதற்கு மேக்கியின் ஆலையே சாட்சி. குன்னூரில் அடுத்தடுத்த இரண்டு எஸ்டேட்டுகளின் தேயிலையைப் பற்றி நீங்கள் சொல்வதும் இதைத்தானே?

அயர்லாந்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே முளைகட்டிய பார்லிக்கு வரி போட்ட காலத்தில், வரியைக் குறைக்க முளைகட்டாத பச்சைப் பார்லியையும் கலந்து காய்ச்சினார்கள். சிக்கனத்துக்காகச் செய்தது ஒரு தனிப் பாணியாகவே நிலைத்தது. கார்க் மாவட்டத்து மிடில்டன் ஆலையில் மூன்று தடவை வடிக்கிற ரெட்பிரெஸ்ட் 12 ஆண்டுச் சரக்கை வாயில் வைத்தால் வெண்ணெய் போல ஒரு வழுவழுப்பும் நடுவில் மிளகுக் காரமும் தெரியும். ஸ்காட்சில் இது கிடைக்காது.

அடுத்த ஜோடி நம் நாட்டைத் தொட்டது, அதனால் எனக்குப் பிடித்தது. பெங்களூரின் அம்ருத் கம்பெனி 1948இல் தொடங்கியது. அவர்கள் இந்தியப் பார்லியில் செய்த சிங்கிள் மால்ட்டை 2004இல் முதன்முதலாக விற்பனைக்கு வைத்த ஊர் எது தெரியுமா? நான் இருக்கிற இதே கிளாஸ்கோ. விஸ்கியின் தாய்மண்ணிலேயே கொண்டுவந்து கடைவிரித்தார்கள். 2010இல் ஜிம் மரே என்ற விமர்சகர், அவர்களுடைய 'பியூஷன்' உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று தன் புத்தகத்தில் எழுதிய பிறகு கேலி பேசிய வாய்கள் அடைத்துக்கொண்டன. பியூஷனில் இந்தியப் பார்லியும், ஸ்காட்லாந்திலிருந்து போன புகையூட்டிய பார்லியும் உண்டு.

இந்த ஜோடியில் நீங்கள் பார்க்க வேண்டியது வெயிலை. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் சரக்கு ஆவியாகிப் போகும், அதை இங்கே தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம். கணக்குப் போட்டால், 12 ஆண்டு கழித்து இங்கே பீப்பாயில் முக்கால் பங்குக்கு மேல் மிஞ்சியிருக்கும், அங்கே கால் பங்குதான். அந்த வெயிலில் மரமும் சரக்கும் வேகமாக உறவாடுவதால், அம்ருத் நாலைந்து ஆண்டிலேயே பாட்டிலுக்குத் தயாராகிவிடுகிறது. லேபிளில் 12, 18 என்று போட்டிருக்கிற எண், பாட்டிலில் இருப்பதிலேயே இளையதின் வயது. அந்தக் கணக்கு ஒரே ஊருக்குள் பொருந்தும். ஊர் மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே மாறிவிடும். பியூஷனையும் கிளென்மோரஞ்சியையும் அருகருகே வைத்துப் பாருங்கள், வயதில் சின்னது எது என்று மூக்கால் சொல்ல முடியாது.

அப்படியானால் கலப்பு விஸ்கி மட்டமா என்று கேட்பீர்கள், நீங்கள் கிளப்பில் பழகியது அதுதானே. இல்லவே இல்லை. உலகத்தில் விற்கிற ஸ்காட்சில் பெரும்பகுதி கலப்புதான். 1830இல் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர்கொதிகலனில் வடிக்கிற லேசான தானிய விஸ்கியையும், பல ஆலைகளின் மால்ட்டையும் சேர்த்து, ஆண்டுதோறும் ஒரே ருசி வரச்செய்வது பெரிய வித்தை. பல தோட்டத்துத் தேயிலையைக் கலந்து ஒரு பிராண்டின் ருசியை வருஷாவருஷம் காப்பாற்றிய உங்களுக்கு அந்த உழைப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஜானி வாக்கர் பிளாக் லேபிளை லகவுலினுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஐலாவின் புகை அந்தக் கலவைக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இத்தனை நாள் தெரியாதது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஜூனில் நாம் செய்யப்போவது இதுதான். ஒரு மாலைக்கு மூன்று கிளாஸ், அதற்குமேல் கிடையாது. லேசானதில் தொடங்கிப் புகையுள்ளதில் முடிப்போம். புகை முதலில் வந்தால் மற்றது எதுவும் ஏறாது. அன்றைக்கு மசாலாச் சமையல் வேண்டாம், தயிர்ச்சாதம் போதும். நடுவில் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். அக்கா கிளாஸ்களின் அடியில் எண் ஒட்டி, எது எது என்று சொல்லாமல் ஊற்றித் தருவாள். பெயர் தெரியாமல் ருசித்து, நோட்டில் எழுதி, கடைசியில் சீட்டைப் பிரித்துப் பார்ப்போம். ஆலைகளுக்குப் போகும் நாளில் நான் ஒரு சொட்டுகூடத் தொட மாட்டேன். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து வண்டி ஓட்டுகிறவருக்கான வரம்பு பிரிட்டனின் மற்ற பகுதிகளைவிடக் கடுமை, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. என் பங்கைச் சின்னக் குப்பியில் அடைத்துத் தந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

இரண்டு வேண்டுகோள். பெங்களூர் வழியாகத்தானே விமானம், அங்கே ஒரு அம்ருத் பியூஷன் மட்டும் வாங்கி வாருங்கள். வேறு எதுவும் சுமக்க வேண்டாம். இன்னொன்று, உங்கள் கிளப் நண்பர்கள் எது உசத்தி என்று சொல்லி அனுப்பினாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இங்கே கடைக்காரரும் விலையையும் வயதையும் காட்டித்தான் ஆரம்பிப்பார். 'இது எதனால் இப்படி இருக்கிறது?' என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குவோம்.

அக்காவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கங்கள். பயணத் தேதி முடிவானதும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்
ரவி